ஒரு மணி நேரத் தூரத்தில் கிரைஸ் ஃபியோர்டு

சென்னையில் ஒருவர் போனில் "வந்துகிட்டே இருக்கேன்" என்றால் அவர் இன்னும் குளிக்கவில்லை என்று பொருள். "அஞ்சு நிமிஷம்" என்றால் குளித்துவிட்டார். "இதோ முக்கு திரும்பிட்டேன்" என்றால் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். நானும் இப்படித்தான் இத்தனை வருடம் காலத்தை ஓட்டியிருக்கிறேன். யாரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. எதிர்முனையில் இருப்பவரும் அநேகமாகக் கிளம்பியிருக்க மாட்டார்.

இந்தப் பொய்யைச் சொல்லவே சொல்லாத ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். நாவலூரில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் அப்போது எனக்குப் பக்கத்து நாற்காலி. பெயர் வேண்டாம். அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான், எனக்கும் அப்படியே இருக்கட்டும். அனகாபுத்தூர்க்காரர். கணவருக்குப் பல்லாவரத்தில் டயர் கடை. பளிச்சென்று தலையில் முக்காடு, தோளில் ஒரு சாக்கு மூட்டை அளவுக்குப் பை, நடக்கும்போது பக்கத்தில் வருபவர் ஓட வேண்டும்.

காலையில் ஆபீஸ் வேன் அவரைப் பல்லாவரத்தில் ஏற்றும், என்னைக் கிழக்குத் தாம்பரத்தில். டிரைவர் போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், மற்ற எல்லோரும் ஸ்டாப்பில் நிற்பதாகச் சொல்வோம். அக்கா மட்டும், "இன்னும் வூட்லதான் கீறேண்ணா. புள்ளைக்குத் தல பின்னிகினு கீறேன். லேட்டாவும், நீங்க போய்டுங்க" என்பார். எங்களுக்காக ஒரு நொடி நிற்காத அந்த மனிதர் அக்காவுக்காக மட்டும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போவார். நிஜமான நேரம் தெரிந்தால் நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம் இல்லையா, அதனால்தான்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. கூட இருந்து பார்த்தால் தெரியும், அது எவ்வளவு பெரிய பேஜார் என்று.

அவருடைய தங்கை நிக்காஹ் கதையை அவரே சிரிக்காமல் சொல்வார். பம்மலில் மண்டபம். பத்திரிகையில் நிக்காஹ் நேரம் மட்டும் போட்டால் போதாது, பிரியாணி எப்போது என்பதையும் போட வேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறார். "பசியோட வந்து குந்திகினு கீறவங்களுக்கு அண்டா எப்பத் தொறக்கும்னு தெரிய வாணாமா?" வீட்டில் யார் சொல்லியும் கேட்கவில்லை. பத்திரிகையில் சாப்பாட்டு நேரம் அச்சாகிவிட்டது. விளைவு, நிக்காஹ் நடக்கும்போது மண்டபத்தில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன. ஜனமெல்லாம் மதியம் அண்டா திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து இறங்கியது. அவருடைய அத்தா ஒரு வாரம் மகளோடு பேசவில்லையாம். அக்காவுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. "வந்தவங்க சுடச்சுடத் துன்னாங்களா இல்லியா? அத்தக் கேளு" என்பார்.

இப்படிப்பட்டவர் போய்ச் சேர்ந்த வேலையைப் பாருங்கள். எங்கள் கம்பெனி ஒரு வெளிநாட்டுப் பயண வலைத்தளத்துக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையத்தை எடுத்தாலும் அந்த ஜோடிக்கு ஒரு பக்கம் உண்டு. இங்கிருந்து அங்கே எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம். தூரத்தையும் நேரத்தையும் மெஷினே போட்டுவிடும். வரைபடத்தில் நேராக ஒரு கோடு கிழிக்கும், பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுக்கும், ஏற இறங்கக் கொஞ்சம் சேர்க்கும், முடிந்தது. அந்த இரண்டு கட்டமும் பூட்டியிருக்கும், நாங்கள் தொட முடியாது. ஊரைப் பற்றி ஒரு சின்னப் பத்தி எழுதி, சரிபார்த்தோம் என்று ஒப்புதல் கொடுத்து அனுப்புவது எங்கள் வேலை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டார்கெட். யார் படிக்கிறார்கள் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

அக்காவுக்கு வந்தது வட துருவத்தை ஒட்டிய ஊர்கள். பனியும் கடலும் தவிர வேறு எதுவும் இல்லாத இடங்கள். நூறு இருநூறு பேர் இருக்கும் குடியிருப்பு, சரளைக்கல் ஓடுபாதை, அதில் இறங்குவது நம் ஷேர் ஆட்டோவைவிடக் கொஞ்சம் பெரிய விசிறி விமானம். அதுவும் தினமும் கிடையாது. பனிமூட்டம் வந்தால் அதுவும் கிடையாது. ஆனால் மெஷினுக்கு இதெல்லாம் தெரியுமா? ஜெட்டில் பறக்க வைத்து, நாற்பது நிமிஷம், ஐம்பது நிமிஷம் என்று போட்டுக்கொண்டே போனது.

அக்கா ஒவ்வொரு பக்கத்திலும் நின்றுவிடுவார். "இத்தப் படிச்சிட்டு ஒர்த்தர் பையத் தூக்கினு கெளம்பறாங்கன்னு வச்சிக்க. எப்பப் போய்ச் சேருவாங்க? அத்தப் போடாம இத்தப் போட்டா இன்னா அர்த்தம்?"

எங்கள் மேனேஜர் சாருக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பம். "அக்கா, அங்க மனுஷனே கிடையாது. பனிக்கரடிதான் இருக்கு. எதுக்கு டென்ஷன்?"

"கரடி டிக்கெட் எடுக்காது சார். எடுக்கறவன் மனுஷன்தான்."

எனக்கு இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அனகாபுத்தூர்க்காரர், அடையாறு பெருகி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர். வெள்ளத்தில் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கும், யாரோ நேரத்துக்கு வராமல் போயிருப்பார்கள் என்று நானே ஒரு கதையைக் கட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் வேன் மேடவாக்கத்தில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றபோது மெதுவாகத் தூண்டிப் பார்த்தேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளத்துல எங்க வூட்டு ஃப்ரிட்ஜு போச்சு. வேற ஒண்ணியும் போவல. ஏண்டி, தப்பாக் கீறத தப்புன்னு சொல்றதுக்கு வூட்ல எழவு வுழணுமா இன்னா?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்த வடக்குப் பக்கங்களில் ஒன்று ஆர்க்டிக் பேயிலிருந்து கிரைஸ் ஃபியோர்டு. இரண்டும் கனடாவின் உச்சந்தலையில் இருக்கும் ஊர்கள். வரைபடத்தில் பார்த்தால் இது இங்கே, அது மேலே, நடுவில் கொஞ்சம் கடல். நானூறு கிலோமீட்டருக்குள்தான். விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது மெஷின். நிஜத்தில் இரண்டுக்கும் இடையே நேர் விமானமே கிடையாது. முதலில் ரெசொல்யூட் என்ற மூன்றாவது ஊருக்குப் போக வேண்டும். அங்கே இறங்கி, வேறொரு சின்ன விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டும். வானிலை கெட்டால் நாள்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதை ஒரு வரியாகச் சேர்க்க அக்கா பல தடவை கேட்டார். வெளிநாட்டு வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு எழுத்துகூட மாற்றக்கூடாது, மாற்றினால் வேலை போகும், இது எல்லோருக்கும் தெரிந்த விதி. சார் "பார்க்கலாம்" என்றார். ஆபீஸில் பார்க்கலாம் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். டார்கெட் துரத்த, அந்தப் பக்கம் அப்படியே ஒப்புதலோடு போனது.

எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எங்கள் திரையில் தெரியும். கிரைஸ் ஃபியோர்டு பக்கம் எப்போதும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் திடீரென்று அதில் கூட்டம். எல்லாம் சென்னையிலிருந்து.

"இன்னாடி இது, நம்ம ஊரே கிரைஸ் ஃபியோர்டுக்குக் கெளம்பிடுச்சா?" என்றார் அக்கா.

மறுநாள் அந்தப் பக்கத்தின் கருத்துப் பெட்டியில் ஒரு செய்தி வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் எழுதியது தமிழ்ப் பெண். அவள் ஆர்க்டிக் பேயில் நர்ஸ். அவள் கணவன் கிரைஸ் ஃபியோர்டில் ஒரு கடைக்கு மேனேஜர். வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது இரண்டு ஊருக்கும் தூரத்தைத் தேடியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் என்றது. தாம்பரத்திலிருந்து கோயம்பேடு போவதைவிடச் சீக்கிரம் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போன பிறகுதான் தெரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் கணவனைப் பார்த்தாளாம்.

அதைக்கூட அவள் குறையாகச் சொல்லவில்லை. குறை இங்கே, தாம்பரத்துக்குப் பக்கத்துச் சிட்லபாக்கத்தில் இருந்தது. அவளுடைய மாமியார் எங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு புருஷனைப் போய்ப் பார்க்காத பெண் என்று. மருமகளோடு பேசுவதை நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டது. மகன் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவை வரவழைத்து, பெரியவர்களை வைத்துப் பேசி, இந்தக் கல்யாணத்தையே முறித்துக்கொள்ளப் போகிறார்களாம். உங்கள் பக்கத்தை மட்டும் மாற்றுங்கள், வேறு எதுவும் நான் கேட்கவில்லை என்று முடித்திருந்தாள்.

எனக்கும் ஒரு மாமியார் உண்டு.

அக்கா திரையில் ஒப்புதல் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு ஓகே போட்டு அனுப்பினது நான்டி" என்றார். பிறகு எழுந்து சாரின் அறைக்குப் போனார்.

சார் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் பரிதாபமாகத்தான் இருந்தது. "கிளையண்ட்கிட்ட பர்மிஷன் கேட்டு வாங்க ஒரு மாசமாவது ஆகும் அக்கா. அதுக்குள்ள நான் என்ன பண்ண முடியும்? எனக்கும் லோன் இருக்கு, குடும்பம் இருக்கு."

"ஞாயித்துக்கெயம இன்னும் நாலு நாள்ல வருது சார்."

"அது அவங்க குடும்ப விஷயம்."

"அவங்க குடும்பத்துல நாம போய்க் குந்திகினு கீறோமே."

அன்று சாயந்திரமே அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதி, முகவரி கேட்டு வாங்கிவிட்டார். முதலில் அவள் பயந்தாளாம், பிறகு கொடுத்துவிட்டாளாம். என்னிடம் வந்து, "ஞாயித்துக்கெயம நீயும் வர" என்றார்.

"நான் எதுக்குக்கா?"

"எனக்கு மாமியார் கெடையாது. அவங்ககிட்ட எப்டிப் பேசறதுன்னு தெரியாது. நீ டெய்லி பேசற."

நான் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்து, சரி என்று சொன்னேன். அவரிடம் அப்படித்தான் ஆகும்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெரு. வாசலில் ஏகப்பட்ட செருப்பு. கூடத்தில் நடு நாற்காலியில் அந்த அம்மா, ரிட்டையர்டு தலைமை ஆசிரியை. பார்த்தவுடன் எனக்கே எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது, இத்தனைக்கும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் அவருடைய அண்ணன். எதிரே சோபாவின் நுனியில் பெண்ணின் அப்பா. முன்னால் வைத்த காபியைத் தொடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரு?" என்றார் அந்த அம்மா.

அக்கா அன்றைக்கு நல்ல தமிழ் பேசத் தீர்மானித்திருந்தார். "நாங்க நாவலூர்லேர்ந்து வர்றோம்மா. நீங்க எல்லாருக்கும் அனுப்புறீங்களே ஒரு பக்கம், அது எங்க ஆபீஸ்ல தயார் பண்றது. சரிபார்த்தது நான். அந்த ஒரு மணி நேரம் தப்பு."

பெண்ணின் அப்பா முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். நேர் விமானம் இல்லாதது, மூன்றாவது ஊர், சின்ன விமானம், பனி. அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல வாத்தியார்கள் அப்படித்தான் கேட்பார்கள், அடிக்கு முன்னால்.

"என் பையனும் இதையேதான் சொல்றான். அவ சொல்லிக் கொடுத்ததைச் சொல்றான். இப்ப உங்களையும் அனுப்பியிருக்கா." தன் போனை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "இதோ, இப்பவும் ஒரு மணி நேரம்னுதானே இருக்கு? எழுத்துல இருக்கறதை நம்பவா, வாசல்ல வந்து நிக்கறவங்களை நம்பவா? தப்புன்னா முதல்ல திருத்திட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அவர் கேட்டதில் என்ன தவறு? அண்ணன்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, நாம விஷயத்துக்கு வருவோம்" என்று பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினார்.

அக்கா தோள் பையைக் கீழே இறக்கினார். உள்ளேயிருந்து ஆபீஸ் லேப்டாப் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, வேணாம். வேலை போயிடும்."

"சும்மா இருடி" என்றார். பிறகு அந்த அம்மாவிடம், "உங்க வைஃபை பாஸ்வேர்டு இன்னாம்மா?" என்றார். நல்ல தமிழ் அதோடு முடிந்தது.

என்ன தோன்றியதோ, அந்த அம்மா சொன்னார். அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தார். நேரக் கட்டம் பூட்டியிருந்தது. ஊர்ப் பத்தி மட்டும் எங்கள் கையில். பனிமலையின் அழகைப் பற்றி அவரே எழுதியிருந்த பத்தியை முழுக்க அழித்தார். அந்த இடத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரி அடித்தார். வெளியிடும் முன் எங்கள் திரை ஒரு கேள்வி கேட்கும், வாடிக்கையாளர் அனுமதி பெறப்பட்டதா என்று. ஆம் என்று அழுத்தினால் போதும். அந்தப் பக்கத்தை ஒரு வருடத்துக்கு யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இல்லை என்று அழுத்தினாலும் பக்கம் வெளியாகும், ஆனால் அந்த நொடியே சாருக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் தகவல் போகும். நான் காதோடு காதாக, "ஆம்னு போடுக்கா" என்றேன். அவர் இல்லை என்று போட்டார். காரணம் கேட்ட இடத்தில், தப்பாக இருந்தது என்று அடித்தார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் வருகிறது. ஒரே ஒரு பொய், அதுவும் மெஷினிடம். சொல்லியிருந்தால் இன்னும் என் பக்கத்து நாற்காலியில் இருந்திருப்பார். திங்கட்கிழமை காலை அவரை அனுப்பிவிட்டார்கள். சார் அந்த மூன்று வரியை மட்டும் எடுக்கவில்லை. மேலே இருப்பவர்கள் எடுக்கச் சொன்னதாகவும் தெரியவில்லை, சார் அவர்களைக் கேட்டதாகவும் தெரியவில்லை. அக்கா இப்போது பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன்களைப் பார்த்துக்கொள்கிறார். பெற்றோர் போன் செய்தால் வேன் இன்னும் கிளம்பவில்லை என்று உள்ளதைச் சொல்லி எல்லோரிடமும் திட்டு வாங்குகிறாராம்.

அது திங்கட்கிழமைக் கதை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில், அக்கா லேப்டாப்பை மூடிவிட்டு, "இப்பப் பாருங்கம்மா" என்றார்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புதுப்பித்தார். வகுப்பில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சத்தமாக வாசித்தார். இந்த இரண்டு ஊர்களுக்கும் நேர் விமானம் இல்லை. மேலே உள்ள நேரத்தை நம்பிப் புறப்பட வேண்டாம். வானிலை கெட்டால் எப்போது போய்ச் சேருவீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாசித்து முடித்துவிட்டு மறுபடி ஒரு தடவை, உதடு மட்டும் அசைய வாசித்தார். அண்ணன்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்போ யாராலயும் போய்ச் சேர முடியாத இடத்துல என் பையன் தனியாவா இருக்கான்?"

"ஆமாம்மா" என்றார் அக்கா.

"அவ?"

"அவங்களும்தாம்மா."

அந்த அம்மா எழுந்தார். "அண்ணா, இன்னைக்குப் பேச ஒண்ணும் இல்ல. இருந்து சாப்பிட்டுப் போ." சம்பந்தியைப் பார்த்து, "காபி ஆறிடுச்சே, வேற போடச் சொல்றேன்" என்றார். போனை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

"அங்க இப்ப நடுராத்திரிம்மா" என்றார் அக்கா.

"நர்ஸுதானே, எழுந்துப்பா" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு அறைக்குள் போனார். போனில் மணி வெகுநேரம் அடித்தது. நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. தலைமை ஆசிரியையின் குரல் இல்லை.

"நான் அத்தை பேசறேன்மா. வச்சிடாதே. ஒரு நிமிஷம், வச்சிடாதே."